ஆனிக் காற்றை எதிர்த்துக் கூடலூருக்கு: ஒரு தாய்மாமனின் சைக்கிள் பயணம்

கம்பம் பள்ளத்தாக்கைச் சைக்கிளில் சுற்ற நல்ல வழி எது என்று போன மாதம் மூன்று பேர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார்கள். தாராளமாகச் சொல்கிறேன். ஆனால் நான் போன மாதிரி போகாதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருப்பதால் கதை கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008 ஜூன், ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கூடலூரில் என் அக்கா செல்வியின் சின்ன மகள் சௌமிக்குக் காதுகுத்து. சௌமிக்கு நாலு வயது. நான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தோடும் என் கையால்தான் வர வேண்டும். நேரம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. பன்னிரண்டைத் தாண்டினால் எமகண்டம்.

இந்த விஷயத்தில் நான் ஏற்கெனவே ஒரு தப்பு செய்தவன். பெரியவள் நித்யாவுக்குக் காது குத்தியபோது நான் போகவில்லை. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது, லீவு கேட்கக் கூச்சம், சரி அடுத்த மாதம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பெரியப்பா மகன் மடி கொடுத்தான். அக்கா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. எட்டு வருடமாக நான் எப்போது போனாலும் அந்தக் காதுகுத்து ஆல்பத்தை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுக் காபி போடப் போய்விடுவாள். இந்தத் தடவையும் தவறினால் அந்த வாசலை நான் மிதிக்க முடியாது. அதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் ஒழுங்காக முதல் நாளே பஸ் ஏறிப் போக வேண்டியதுதானே என்பீர்கள். நியாயம். ஆனால் சௌமி போனில், "மாமா, நீ சைக்கிள்ல வா. பஸ்ல வராத" என்றாள். நானும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பிள்ளை கேட்டது, அதனால் போகிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையைச் சொன்னால், எனக்கே கொள்ளை ஆசை. விசேஷக் கூட்டத்துக்கு நடுவே தலைக்கவசத்தோடு போய் இறங்குவதை நினைத்து நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? முத நாளே வந்து சேருடா" என்றாள் அக்கா.

"தேனியிலருந்து அம்பத்தஞ்சு கிலோமீட்டர்தானக்கா. ஒம்பதரைக்கு அங்கன நிப்பேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். ஆல்பம் கண்முன் வந்துபோனது.

சனிக்கிழமை மதியம் மதுரையிலிருந்து பஸ் கூரையில் சைக்கிளைக் கட்டி ஏற்றித் தேனி வந்தேன். எனக்கு 24 ரூபாய், சைக்கிளுக்கு 20. அல்லிநகரம் பக்கம் ஒரு லாட்ஜில் அறை 175 ரூபாய். சைக்கிளை அறைக்குள்ளேயே நிறுத்திக்கொள்ள விட்டார்கள், இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பிடியில் மாட்டும் சின்னப் பையில் தோட்டுப் பெட்டி, ஒரு பட்டு வேட்டி, பங்க்சர் சாமான்.

ஞாயிறு காலை 5.40க்குக் கிளம்பினேன். இதிலிருந்து சின்னமனூர் வரைக்கும் நான் சொல்கிற வழியை எழுதி வைத்துக்கொள்ளலாம், இதில் ஒரு குறையும் இல்லை. நெடுஞ்சாலையில் எட்டு கிலோமீட்டர் போனால் வீரபாண்டி. ஆறே கால் மணிக்கு முல்லைப் பெரியாறு கலங்கலாக, நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில் பாதி ஊர் குளித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து வலப்பக்கம் உப்புக்கோட்டைக்குப் பிரிந்துவிட்டால் லாரி ஆரன் சத்தம் நின்றுபோகும். அதற்குப் பிறகு கூழையனூர், பாலார்பட்டி, குச்சனூர். இரண்டு பக்கமும் தென்னை, வாழை, கரும்பு. அணைத் தண்ணீர் விட்டு மூன்று வாரம் ஆகியிருந்ததால் வாய்க்கால் எல்லாம் தளும்பிக்கொண்டு, ரோட்டோடு சேர்ந்தே ஓடி வந்தது. நாற்றங்கால் பச்சையை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. போய்ப் பாருங்கள், அவ்வளவுதான். பாடத் தெரியாத நான் சத்தமாகப் பாடிக்கொண்டு போனேன். ஒரு கொக்குக் கூட்டம் எழுந்து பறந்தது, என் பாட்டினால் என்றுதான் நினைக்கிறேன்.

குச்சனூரில் 7.05. சனி பகவான் ஊர் என்பதால் சனிக்கிழமை கால் வைக்க முடியாது. ஞாயிறு காலை காக்காயும் நானும்தான். டீயும் நாலு பணியாரமும் ஏழு ரூபாய். அடுத்த மூன்றாவது கிலோமீட்டர் மார்க்கையன்கோட்டை. ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் வயல். சேற்றில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. வரப்பில் நாற்றுக்கட்டோடு நின்ற ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, தலையில சட்டியக் கவுத்துக்கிட்டு எங்கன போறீக?" என்று சத்தம் போட்டார்.

"கூடலூருக்கும்மா!"

"கூடலூருக்கா? ஆத்தாடி! காத்து வருமேய்யா!"

கூட இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக் கையாட்டிவிட்டுப் போனேன். காற்று வந்தால் நல்லதுதானே, வியர்க்காது என்று நினைத்தேன். இவ்வளவு புத்திசாலி நான்.

சின்னமனூரில் 7.50. மீட்டரில் 27 கிலோமீட்டர். மீதி 28தான், இரண்டு மணி நேரம் போதும் என்று சாவகாசமாக உட்கார்ந்து இட்லி, பூரி, மறுபடியும் இட்லி என்று சாப்பிட்டு 8.40க்குத்தான் எழுந்தேன். நேராக நெடுஞ்சாலையில் போயிருந்தால் உத்தமபாளையம் எட்டு ஒன்பது கிலோமீட்டர். எனக்கு ஆற்றங்கரைப் பித்து. கரையோரம் மண்பாதையில் இறங்கினேன், அது 11 கிலோமீட்டர்.

காற்று எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. முதலில் தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. அடுத்த நிமிஷம் யாரோ என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்கள். மேற்கு மலையில் குமுளிப் பக்கம் இருக்கிற இடைவெளி வழியாக இறங்கும் காற்று, பள்ளத்தாக்கின் நீளத்துக்கும் ஓடிவருகிறது. ஆனி ஆடி முழுக்க இதே கதைதானாம். இது பள்ளத்தாக்கில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வரைபடம், மீட்டர், கியர் எல்லாம் வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை. இறக்கத்தில்கூட மிதித்தால்தான் சக்கரம் உருண்டது. கண்ணில் மண். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன், தள்ளுவதுதான் வேகமாக இருந்தது.

உத்தமபாளையம் பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது மணி 10.15. இன்னும் 19 கிலோமீட்டர். மணிக்கு ஏழு கிலோமீட்டர் என்றால் போய்ச் சேரும்போது மதியம் ஒரு மணி ஆகிவிடும். அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. முப்பத்து நாலு வயது ஆள், தலையில் சட்டி.

கம்பம் பஸ் வந்தது. முகூர்த்த நாள், படியில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். சைக்கிளைக் காட்டியதும் கண்டக்டர், "ஆளுக்கே எடமில்ல, இதுல சைக்கிளா? போங்க சார்" என்று விசில் அடித்துவிட்டார். சரி, சைக்கிள் நாசமாய்ப் போகட்டும், சௌமி அழுதால் அழட்டும், கடையில் நிறுத்திவிட்டு அடுத்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டாவது போவது என்று முடிவுசெய்து கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பாய் கேட்டார், "எங்கனருந்து வாரீக தம்பி?" ஐம்பது வயது இருக்கும். திராட்சை வியாபாரி, அவருடைய குட்டியானை வண்டி எதிரே காலிப் பெட்டிகளோடு நின்றது.

"தேனியிலருந்து, பாய்."

"காத்த எதுத்தா?" டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "எங்க ஊர்ப் பயலுக சைக்கிள பஸ்ஸு மேல போட்டு மலையடியில லோயர் கேம்ப் போயி, அங்கனருந்து இறங்குவாக. காத்து பொடதியில கை வச்சுத் தள்ளிக்கிட்டே வந்து தேனியில விட்டுரும். நீங்க தலகீழால்ல வந்திருக்கீக!"

காதுகுத்தையும், சைக்கிளில் வருவதாகப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கையும் சொன்னேன். தாய்மாமன் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "அடப்பாவமே, மாமன் இல்லாம எப்பிடிக் காது குத்துவாக? ஏறுங்க. கூடலூர்த் தோட்டத்துக்குத்தான் லோடு ஏத்தப் போறேன். ஏறுங்க மோனே." கேரளத்துக்குப் பழம் அனுப்புகிறவர், அவசரத்தில் மலையாளம் வந்துவிடுகிறது. சைக்கிளைப் பெட்டிகளுக்கு மேல் படுக்கப் போட்டுக் கட்டினோம். கைப்பிடிப் பையைக் கழற்றி முன் சீட்டுக்குப் பின்னால் வைத்தேன். 10.35.

வழி முழுக்கத் திராட்சைப் பந்தல். கம்பத்தில் கூட்டத்தில் மாட்டி, 11.20க்குக் கூடலூர். மச்சான் வீட்டுக் குலதெய்வக் கோயில் ஊருக்கு வெளியே தோப்புக்குள் இருக்கிறது. தோப்புக்கு எழுநூறு மீட்டர் இருக்கும்போது எனக்குள் இருந்த சைத்தான் விழித்துக்கொண்டது.

"பாய், இங்கனயே எறக்கி விட்டுருங்க."

அவர் என்னையும் சைக்கிளையும் பார்த்தார். "பிள்ளைய ஏமாத்தப் போறீகளாக்கும்" என்று வாய்விட்டுச் சிரித்தார். நான் தலைக்கவசத்தை மாட்டி, முகத்தில் இருந்த வியர்வையைத் துடைக்காமல் அப்படியே விட்டு, எழுநூறு மீட்டரை உயிரைக் கொடுத்து மிதித்தேன்.

என்ன வரவேற்பு! மேளக்காரர்கள் என்னைப் பார்த்ததும் வேகமாகத் தட்டினார்கள். சௌமி பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமா சைக்கிள்ல வந்துருச்சு!" என்று ஓடிவந்தாள். மச்சான், "மாப்ள, சொன்னத செஞ்சுட்டீகளே!" என்று கட்டிக்கொண்டார். அக்கா தூரத்தில் நின்றே பார்த்தாள். சிரிக்கவில்லை, ஆனால் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். அரைக்கால் சட்டை மேலேயே யாரோ ஒரு வேட்டியைச் சுற்றிவிட்டு என்னை மணையில் உட்கார்த்தினார்கள். சௌமி மடியில். ஆசாரி ஊசியை எடுத்தார். பக்கத்தில் நித்யா சீனித் தட்டோடு நின்றாள்.

"தோட்ட எடுடா" என்றாள் அக்கா.

கைப்பிடியைப் பார்த்தேன். பை இல்லை.

பை பாயின் வண்டியில். பாய் எந்தத் தோட்டத்தில் என்று தெரியாது. அவர் நம்பர் தெரியாது. பெயரே கேட்கவில்லை. மணி 11.36. "பையி... வழியில..." என்று இழுத்தேன். "வழியில விழுந்துருச்சா?" என்று பத்துப் பேர் தேடக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் ரோட்டில் தேடினால் கிடைக்கவா போகிறது? உண்மையைச் சொன்னால்தான் தோடு கிடைக்கும். மேளம் நின்றுவிட்டது. அத்தனை சனத்துக்கு நடுவில், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு சொன்னேன்: "அக்கா, நான் உத்தமபாளையத்துலருந்து குட்டியானையில வந்தேன். பை அதுலதான் இருக்கு."

எட்டு வருடமும் அக்கா முகத்தில் வந்து நின்றது. மச்சான் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். நான் தலையைத் தூக்கவில்லை. மணி மட்டும் ஓடியது. 11.40. 11.45.

11.48க்குத் தோப்பு வாசலில் விடாமல் ஆரன் சத்தம். குட்டியானை புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பின்னால் மச்சான். பாய் தோட்டத்தில் லோடு ஏற்றும்போதே பையைப் பார்த்துவிட்டுப் பாதி ஏற்றிய லோடோடு திரும்பியிருக்கிறார். ஒரு கையில் பை, தோளில் ஒரு பெட்டி பன்னீர்த் திராட்சை. "விசேஷ வீட்டுக்கு வெறுங்கையோட வரக்கூடாதுல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சொல்லிட்டீகளா?" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். "அப்ப சரி" என்று கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டார்.

11.53க்கு வலது காது, 11.55க்கு இடது காது. சௌமியின் அலறல் லோயர் கேம்ப் வரை கேட்டிருக்கும். சீனி வாய்க்குள் போனதும் அழுகையை நிறுத்திவிட்டு, "மாமா, லாரியிலயா வந்த? அடுத்த தடவ என்னையும் லாரியில கூட்டிட்டுப் போ" என்றாள். இதற்காகவா நான் காற்றோடு மல்லுக்கு நின்றேன்!

சாப்பாட்டுப் பந்தியில் அக்கா இலையில் சோறு வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "சைக்கிள்ல வந்தா என்ன, லாரியில வந்தா என்ன. வந்துட்டேல்ல."

இனி உங்களுக்கு வேண்டியது. மறுநாள் திங்கட்கிழமை பாய் சொன்னபடியே செய்து பார்த்தேன். காலை பஸ்ஸில் சைக்கிளைப் போட்டு லோயர் கேம்ப். டிக்கெட் 4 ரூபாய், சைக்கிளுக்கு 10. மலையடிவாரத்தில் 7.15க்கு ஏறி உட்கார்ந்தேன். கூடலூர் வரை எட்டு கிலோமீட்டர், இருபதே நிமிடம், பாதித் தூரம் காலை ஆட்டக்கூட இல்லை. ஒன்பதுக்கு மேல் காற்று எழுந்ததும் சைக்கிள் தன்னால் ஓடுகிறது. கம்பத்தில் இரண்டு மணி நேரம் நின்றதைக் கழித்தால் லோயர் கேம்பிலிருந்து தேனி வரை 63 கிலோமீட்டர், மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். ஆகவே ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வருகிறவர்கள் மேலிருந்து கீழே வாருங்கள். நெடுஞ்சாலையில் சின்னமனூர் வரை வந்து, அங்கே திரும்பி மார்க்கையன்கோட்டை, குச்சனூர் வழியாக ஆற்றுப் பக்கம் இறங்குங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் மண் விழும். விசேஷத்துக்குப் போவதாக இருந்தால் முதல் நாளே போய்விடுங்கள். கைப்பிடிப் பையை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள்.

கம்பத்தில் ஏன் இரண்டு மணி நேரம் நின்றேன் என்பது பாக்கி.

கூடலூரிலிருந்து நித்யா தன் சைக்கிளில் என்னோடு வந்தாள். கம்பம் வரை ஒன்பது கிலோமீட்டர் கூட வருவதாகவும், அங்கிருந்து அவளுடைய அப்பா கூட்டிப்போவதாகவும் ஏற்பாடு. பத்து வயதுப் பிள்ளை, இறக்கத்தில் என்னை முந்திக்கொண்டு போனாள். கம்பம் கடைவீதியில் திடீரென்று பிரேக் பிடித்து ஒரு சந்தைக் காட்டினாள். நேற்றுக் காது குத்திய ஆசாரியின் பட்டறை அங்கே இருந்தது.

"மாமா, எனக்கு மேல் காதுல ஒண்ணு குத்தணும்."

"அம்மாகிட்டக் கேட்டியா?"

"நீ கேளு." கொஞ்ச நேரம் சைக்கிள் மணியைத் திருகிக்கொண்டே நின்றாள். "ஒன் மடியில உக்காந்துதான் குத்தணும்."

நான் ரோட்டோரம் போய் அக்காவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"மணி என்ன இப்ப?" என்றாள்.

"எட்டேகால்."

"ஏலே, ராகு காலம்டா. ஒம்போது தாண்டட்டும். நான் வாரேன்."

ஒன்பது பத்து பஸ்ஸில் வந்து இறங்கினாள், முந்தின நாள் கட்டிய பட்டுச் சேலையோடு. உள்ளங்கையில் அவளுடைய சின்ன மூக்குத்தி மாதிரி ஒரு பொட்டுத் தோடு. தன் மேல் காதிலிருந்து கழற்றியிருந்தாள். ஆசாரி ஒரு பலகையைப் போட்டார். நான் உட்கார்ந்தேன். நித்யா என் மடியில் உட்கார்ந்தாள். கால் இரண்டும் தரையில் இடித்தன, தலை என் முகத்தை மறைத்தது. முந்தின நாள் காற்றில் மிதித்த தொடை விண்விண்ணென்று தெறித்தது. அவள் என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியபோது அழவில்லை. அக்காதான் அழுதாள், பட்டறை வாசலில் நின்று, சத்தமாக.

முடிந்தது என்று ஆசாரி ஊசியைத் துடைத்தார்.

"எந்திரிக்கட்டா மாமா?" என்றாள் நித்யா.

"செத்த இரு ஆத்தா" என்றேன்.